மண்டியிலிருந்து சட்டமன்றம் வரை: ஆரி கவுடரும் நீலகிரி விவசாயியின் அரசியலும்

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு ஏலம் நடக்கும் ஒரு காலை வேளையில் நின்று பார்த்தால், நீலகிரி மாவட்டத்தின் அரசியலில் பாதி விளங்கிவிடும். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ மலையடிவாரத்து ஊர், உயரம் சுமார் 300 மீட்டர்தான். மேலே விளைந்த கிழங்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கி வந்து, கீழே இருப்பவர் சொல்லும் விலைக்கு விற்கப்படுகிறது. விதைத்தவர் ஒரு மலையில், விலை வைப்பவர் வேறொரு சமவெளியில். இந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றவர்களே நீலகிரியில் விவசாயத்திலிருந்து அரசியலுக்கு வந்தார்கள். அவர்களில் முதலில் பேச வேண்டியவர் ராவ் பகதூர் எச்.பி. ஆரி கவுடர்.

குன்னூரை அடுத்த உபதலையில், மலையின் விவசாயச் சமூகமான படுகர்களின் பேச்சில் ஹுப்பத்தலை எனப்படும் ஹட்டியில் (ஊரில்), 1893 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்தவர் அவர். படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. அச்சமூகத்திலிருந்து முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குச் சென்றவரும் அவரே. 1933இல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளணிக்கு இந்தியக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் நிறுவனராகவும் நெடுங்காலத் தலைவராகவும் இருந்தார். 1971 ஜூன் 28ஆம் தேதி மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பு என்று எழுதினால் இவ்வளவில் முடிந்துவிடும். ஆனால் ஒரு மலை விவசாயச் சமூகம் எந்த வழியாகச் சட்டமன்றத்தை அடைந்தது, அந்த வழி பிறகு ஏன் குறுகியது என்ற கேள்விகளுக்கு விடை தேடுபவர்கள் அந்தக் குறிப்பை மீண்டும் ஒருமுறை மெதுவாகப் படிக்க வேண்டும்.

ஆரி கவுடரை எளிய விவசாயி என்று சொல்லிவிட முடியாது. அவருடைய தந்தை ராவ் பகதூர் பெள்ளி கவுடர், மலை ரயில் பாதை அமைக்கும் பணியில் ஒப்பந்ததாரராக இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் அங்கிருந்து உதகை நோக்கி 1908இலும் அந்தப் பாதை திறக்கப்பட்டது. ஒப்பந்தப் பணியில் வந்த வருவாய்தான் மகனின் கல்லூரிப் படிப்புக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் அவரை விவசாயிகளின் அரசியல்வாதி என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவர் அரசியலில் எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் தோட்டத்தையும் அதன் விளைச்சலையும் சார்ந்தது. அவரைத் தாங்கி நின்றவர்கள் தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தா ஆகிய நான்கு சீமைகளின் ஹட்டிகளில் கிழங்கு விளைவித்தவர்கள்.

அந்தக் கிழங்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி வழியாக மலைக்கு வந்து தங்கி, ஐரோப்பியக் காய்கறிகளை இங்கே பயிரிட்டுப் பார்த்தார். அவற்றில் உருளைக்கிழங்கை உள்ளூர் மக்கள் தங்கள் பயிராக ஆக்கிக்கொண்டார்கள். ராகியும் சாமையும் வீட்டுக்கு உணவாக விளைந்த நிலத்தில், விற்பதற்கென்று ஒரு பயிர் வந்தது. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று பருவங்கள் அமைந்தன. சமவெளிச் சந்தைகளில் கிழங்கு குறைவாக இருக்கும் மாதங்களில் மலைக்கிழங்கு இறங்கியதால், அதற்குத் தனி மதிப்பும் இருந்தது. ரயில் வந்த பிறகு சரக்கு இறங்குவது எளிதாயிற்று. பணப்பயிரோடு கூடவே பணத்தின் தேவையும், பணம் கொடுப்பவரின் பிடியும் மலையேறின.

இந்தப் பிடி எப்படிச் செயல்பட்டது என்பது நுணுக்கமாகப் பார்க்கத் தக்கது. உருளைக்கிழங்குக்கு விதையே பெருஞ்செலவு. ஏனென்றால் விதையும் கிழங்குதான், ஏக்கருக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். அதன்மேல் உரம், மண் அணைக்கக் கூலி. மழைக்காலத்தில் பின்கருகல் நோய் விழுந்தால் ஒரு வாரத்தில் வயல் கருகிப்போகும். இத்தனை செலவையும் ஆபத்தையும் தாங்கக் கையிருப்பு இல்லாத விவசாயிக்கு மண்டிக்காரர் முன்பணம் கொடுத்தார். முன்பணம் வாங்கியவர் விளைச்சலை அதே மண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். சரக்கு மண்டியில் இறங்கியதும் எடை போடுவது அவர்கள், தரம் பிரிப்பது அவர்கள், விலை பேசுவது அவர்கள், கணக்கு எழுதுவதும் அவர்கள். கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, சாக்கு, வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதே விவசாயியின் வருமானம். வேறு மண்டியில் நல்ல விலை என்று கேள்விப்பட்டாலும் போக முடியாது. கீழே வந்துவிட்ட மூட்டையைத் திரும்ப மலையேற்றிக் கொண்டுபோவது யாராலும் ஆகாத காரியம். மண்டிக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியே எட்டிப் பார்க்காத காலத்தில் அவசரத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்கள்தான். கடன் கொடுப்பவரும் பொருள் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் சிக்கல்.

ஆரி கவுடர் பொதுவாழ்வுக்கு வந்த காலமும் இங்கே முக்கியம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி வந்தது. நிலவரி, நிதி, காவல் போன்றவை ஆளுநரின் கையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. வேளாண்மை, கூட்டுறவு, உள்ளாட்சி ஆகிய துறைகள் இந்திய அமைச்சர்களிடம் மாற்றிக் கொடுக்கப்பட்டன. வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே இருந்தது, அமைச்சர்களின் அதிகாரமும் குறுகியது, இவையெல்லாம் உண்மை. இருந்தாலும் நீலகிரியிலிருந்து சென்ற ஓர் உறுப்பினருக்கு அந்தக் குறுகிய வாசலே போதுமானதாக இருந்தது. வரியைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்டால் ஆளுநரின் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கம் வேண்டும் என்று கேட்டாலோ பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர் ஒருவர் அவைக்குள்ளேயே அமர்ந்திருந்தார். 1932இல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு கூட்டுறவுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நீலகிரியின் விற்பனைச் சங்கம் பிறந்தது.

மலையில் என்.சி.எம்.எஸ். என்ற எழுத்துகளாலேயே அறியப்படும் அந்தச் சங்கம் செய்ததை ஒரு வரியில் சொல்லலாம்: கடன் கொடுப்பவரையும் பொருள் வாங்குபவரையும் பிரித்தது. உறுப்பினர் தன் மூட்டைகளைச் சங்கத்தின் முற்றத்தில் இறக்குவார். பல வியாபாரிகள் கூடி ஏலம் கேட்பார்கள். எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் ஏலத்தில் ஒரு விலை வந்துவிட்டால், பக்கத்துத் தனியார் மண்டியும் அதற்கு மிகவும் கீழே போக முடியாது. ஆகவே சங்கத்தில் சேராத விவசாயிக்கும் அதனால் பயன் இருந்தது. எத்தனை மூட்டைகள் சங்கத்தின் வழியாகப் போயின என்ற கணக்கை மட்டும் வைத்து அதை மதிப்பிட முடியாது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஒரு சாதாரண அரசியல்வாதியின் வாழ்க்கையில் பதவி முதலில் வரும், நிறுவனம் பிறகு வரும். பதவி போனதும் நிறுவனமும் கைவிட்டுப் போகும். ஆரி கவுடர் வாழ்வில் சட்டமன்றம் ஒரு கருவியாக இருந்தது, சங்கமே நிலைத்த பணியாக இருந்தது. உறுப்பினர் பதவி வந்து போனது. சங்கத் தலைமை பல பத்தாண்டுகள் நீடித்தது. பருவத்துக்கு ஒரு முறையாவது விவசாயி சங்கத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால், தலைவர் சொன்னதைச் செய்தாரா என்பதை ஒவ்வோர் அறுவடையிலும் எடைபோட்டுப் பார்க்க அவரால் முடிந்தது. தேர்தல் வரும்போது மட்டும் சந்திக்கும் உறவு இல்லை அது. ஹட்டியின் ஊர்க்கூட்டத்தில் எழும் பேச்சு, சங்கத்தின் பேரவையில் தீர்மானமாகி, சென்னையில் கேள்வியாக மாறும் ஒரு தொடர்ச்சி அன்று இருந்தது.

விடுதலைக்குப் பிறகான தேர்தல்களில் இந்த அடித்தளம் வேறு வடிவங்களில் தெரிந்தது. 1962இல் நீலகிரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் அக்கம்மா தேவி வென்றார். படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அவர் டெல்லி சென்றது, தோட்ட வேலையில் பெரும்பங்கைப் பெண்களே சுமக்கும் ஒரு சமூகத்துக்குச் சிறிய செய்தி இல்லை. அடுத்த தேர்தல் இன்னும் கவனிக்கத்தக்கது. 1967இல் இதே தொகுதி சுதந்திராக் கட்சியின் நஞ்ச கவுடரைத் தேர்ந்தெடுத்தது. 1959இல் காங்கிரஸின் நாகபுரித் தீர்மானம் கூட்டுப் பண்ணை முறையைக் கொள்கையாக அறிவித்ததை எதிர்த்து ராஜாஜி முதலியோர் தொடங்கிய கட்சி அது. முப்பது ஆண்டுகளாகக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊறிய மலை, கூட்டுப் பண்ணையை எதிர்க்கும் கட்சிக்கு வாக்களித்தது முரண் போலத் தோன்றலாம். தி.மு.க. கூட்டணியின் பேரலை அதில் பெரும் பங்கு வகித்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் விவசாயியின் கண்ணோட்டத்தில் அதில் முரண் எதுவும் இல்லை. நிலம் அவனவனுடையது, விற்பனை மட்டும் கூட்டாக. இந்த வேறுபாட்டை ஆரி கவுடரின் சங்கம் நடைமுறையில் கற்றுக் கொடுத்திருந்தது. சேர்ந்து விற்கச் சம்மதித்தவர்கள், வரப்பை அழிக்கச் சம்மதிக்கவில்லை.

இதற்குள் அந்த அரசியலின் அடிநிலத்திலேயே ஒரு கேடு புகுந்திருந்தது. 1961இல் உதகையை ஒட்டிய வயல்களில், உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையளவு கூட இல்லாத பொன்னிறக் கூடுகளாக அது வேரில் ஒட்டியிருக்கும். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரே இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். செடி வாடி, கிழங்கு சிறுத்து, விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறையும். நோய் பரவாமல் இருக்க, நீலகிரி விதைக்கிழங்கு மாநிலத்துக்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. அந்தத் தடை அறிவியல்படி சரியானதே. ஆனால் விதைக்கிழங்குச் சந்தையை இழந்த விவசாயிக்கு ஈடாக என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. 1957இல் தொடங்கப்பட்ட முத்தொரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவை எதிர்த்து நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை உருவாக்கியது. அது வெளியானது 1985இல். ஏறத்தாழ கால் நூற்றாண்டு இடைவெளி. கடன் வாங்கி விதைப்பவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று சிலர் மாறினார்கள். பெரும்பாலோர் தேயிலை வைத்தார்கள்.

தேயிலைக்கு மாறியதை ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உருளைக்கிழங்கு சில நாட்கள் பொறுக்கும். விலை சரியில்லை என்றால் தோண்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், தோண்டியதைக் குவித்து மூடியும் வைக்கலாம். பறித்த பசுந்தேயிலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துவிடும். நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கிறது. தூள் ஏலத்துக்குப் போகிறது, ஏலத்தின் மாதச் சராசரி பிறகு கணக்கிடப்படுகிறது, அதிலிருந்துதான் இலைக்கு விலை வருகிறது. அதாவது, தான் விற்ற பொருளின் விலை என்னவென்று தெரியாமலே விவசாயி அதை ஒப்படைக்கிறார். மேட்டுப்பாளையத்தில் தன் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று ஏலத்தைக் கேட்டவருடைய பேரன், இன்று இலை ஏஜென்டின் வண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

கூட்டுறவு இங்கேயும் முயன்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1963இல் குன்னூரிலேயே தேயிலை ஏலம் தொடங்கியது. 1965இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமாக இன்கோசர்வ் உருவானது. சிறு விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள தொழிற்சாலைகள் பல ஊர்களில் எழுந்தன. சோவியத் நாடு பெருமளவில் நீலகிரித் தேயிலையை வாங்கிய ஆண்டுகளில் ஹட்டிகளில் காரை வீடுகள் எழுந்ததும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் இந்த வருமானத்தால்தான். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1990களின் பிற்பகுதியில் விலை சரிந்தபோது, பறிக்கும் கூலிக்கும் இலை விலைக்கும் இடையே எதுவும் மிஞ்சாத நிலை வந்தது.

இந்தச் சரிவை எந்த அவையில் பேசுவது? உருளைக்கிழங்கும் கூட்டுறவும் மாகாண அரசின் பொருள்கள், ஆகவே ஆரி கவுடரின் குரல் போய்ச் சேர வேண்டிய இடம் சென்னை. தேயிலையோ 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசின் பொறுப்பு. அதிலும் வேளாண்மை அமைச்சகத்தில் இல்லை, வணிக அமைச்சகத்தில் இருக்கிறது. தேயிலை விளைவிப்பவர், அரசின் ஏட்டில், விவசாயியாக அல்லாமல் ஏற்றுமதிச் சரக்கு ஒன்றின் முதல் கண்ணியாகவே பதிவாகியிருக்கிறார். குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி நாடு முழுவதும் பேசப்படும்போது, பசுந்தேயிலை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. தேயிலைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விலையைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது என்பதைச் சுட்டிக்காட்டியே இங்குள்ள விவசாயச் சங்கங்கள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து வருகின்றன. 2003ஆம் ஆண்டின் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு ஏல விலையில் 60 பங்கு விவசாயிக்கும் 40 பங்கு தொழிற்சாலைக்கும் என்ற பங்கீட்டு முறை வந்தது, பின்னர் அது 65க்கு 35 ஆயிற்று. முன்னேற்றம்தான். ஆனால் ஏல விலையே உற்பத்திச் செலவுக்குக் கீழே போகும் மாதங்களில், பங்கு எத்தனை சதவீதம் என்பது விவசாயியின் பசியை ஆற்றாது. 1998லும் 1999லும் நீலகிரியில் பாரதிய ஜனதாவின் மாஸ்டர் மாதன் வென்றதை, தேயிலை விலைச் சரிவும் படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையும் கலந்த அந்தக் காலத்தின் மனநிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். டெல்லியில் ஆளும் கட்சியின் உறுப்பினராக ஒருவர் இருந்தால் வணிக அமைச்சகம் திரும்பிப் பார்க்கும் என்ற கணக்கு அதில் இருந்தது என்பது என் கணிப்பு.

மலைக்குக் கீழே இதே காலகட்டத்தில் வேறொரு விவசாய அரசியல் எழுந்தது. கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு, 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தொடங்கிய போராட்டத்தை 1972இல் கோவை நகரையே மாட்டு வண்டிகளால் திணறடிக்கும் அளவுக்கு வளர்த்தார். 1982இல் அதை ஒரு கட்சியாகவும் மாற்றினார். 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் அவர் இறந்த பிறகு அந்தக் கட்சி தளர்ந்தது. அந்த அலை மலைப்பாதையில் உள்ள பர்லியாறைத் தாண்டி மேலேறவில்லை. கிணறும் மோட்டாரும் சமவெளி விவசாயியை ஒரே கட்டண அட்டையின்கீழ் ஒன்றுசேர்த்தன. மழையை நம்பிய மலை விவசாயிக்கு மின்கட்டணம் உயிர்ப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கூட இந்த வேறுபாடு உண்டு. கூடலூர்ப் பக்கம் போனால் விலையைவிடப் பட்டாவே முதல் பேச்சு. நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையை, அதாவது பரம்பரை நிலவுடைமையை, ஒழிக்க 1969இல் இயற்றிய சட்டம் இன்னும் முழுமையாகத் தீராத வழக்குகளாகக் கிடக்க, அங்குள்ள குடியேறிய விவசாயிகளும் இலங்கையிலிருந்து திரும்பிய தொழிலாளர் குடும்பங்களும் காடா நிலமா என்ற கேள்விக்கு விடை கேட்டே வாக்களிக்கிறார்கள். ஆரி கவுடரின் சங்கம் போன்ற ஒன்று கூடலூரில் வேரூன்றாததற்கு இது முக்கியக் காரணம். தன் பெயரில் நிலம் இருப்பவரால்தான் விலையைப் பற்றிக் கவலைப்பட முடியும்.

2008இன் தொகுதி மறுவரையறை இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. நீலகிரி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாயிற்று. தலைமுறைகளாகப் பிரதிநிதித்துவம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒதுக்கீடு உரிமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலை விவசாயியின் குரலைப் பொறுத்தவரை அதிகம் கவனிக்க வேண்டியது தொகுதியின் அமைப்பு. அதன் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்ற மூன்று மட்டுமே மலையில் உள்ளன. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் வாழையும் பேசும் சமவெளி வாக்காளர்களிடம் பசுந்தேயிலை விலையை முன்வைத்து ஒருவர் வாக்குக் கேட்க முடியாது. எந்தக் கட்சி வேட்பாளரானாலும், எவ்வளவு அக்கறை உள்ளவரானாலும், தேயிலை அவருடைய பல கவலைகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

என்.சி.எம்.எஸ். ஏலம் மேட்டுப்பாளையத்தில் இன்றும் நடக்கிறது. கிழங்கும் பூண்டும் வைத்திருப்பவர்கள் லாரியில் சரக்கை அனுப்பிவிட்டு, விலை கேட்கப் பின்னாலேயே பேருந்தில் இறங்குகிறார்கள். குன்னூரில் தேயிலை ஏலம் முழுக்கக் கணினி வழிக்கு மாறிவிட்டது. அதைப் பக்கத்தில் நின்று கேட்க விவசாயிக்கு ஓர் இடம் கிடையாது. தேயிலை வாரியத்தின் அலுவலகம் அதே குன்னூரில்தான் இருக்கிறது, உபதலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில். கோரிக்கை மனுவோடு அங்கே வரும் சிறு விவசாயிகளிடம், இது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம் என்று பதில் சொல்லப்படுகிறது.